உப்புக் கணக்கு எழுதுகிறவர்கள்

அடர்நிறத் துணி ஒரு கிலோ சாயமேற ஏறத்தாழ அரைக்கிலோ உப்பு வேண்டும். சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துப் பெருக்கினால் 480 கிராம் வரும். 150 கிராம் எடையுள்ள கறுப்பு டி-சர்ட் ஒன்றுக்கு 72 கிராம். வெளிர்நிறத்துக்கு இது குறையும். பழைய விஞ்ச் இயந்திரம் தண்ணீரை அதிகம் குடிக்கும் என்பதால் அதில் உப்பும் கூடும்.

இவ்வளவு உப்பு எதற்கு? பருத்தி இழை தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பில் எதிர்மின்சுமை வந்துவிடுகிறது. திருப்பூரில் பெரும்பாலும் புழங்கும் ரியாக்டிவ் சாயத்தின் மூலக்கூறிலும் எதிர்மின்சுமைதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பு கரைந்து சோடியம் அயனிகள் நடுவே புகுந்தால் அந்தத் தள்ளல் அடங்கிச் சாயம் இழையை நெருங்குகிறது. பிறகு சோடா ஆஷ் போட்டுக் காரத்தைக் கூட்டி, 60 டிகிரி சூட்டில் வைத்திருந்தால் சாயம் செல்லுலோசோடு வேதிப்பிணைப்பு கொண்டுவிடும், துவைத்தாலும் போகாது. உப்பு மட்டும் துணியில் தங்குவதில்லை. அதற்குக் கொடுத்த வேலை முடிந்ததும், போட்டது போட்டபடி கழிவுநீரில் வெளியேறுகிறது.

அது எங்கே போகிறது என்று தொடர்ந்து போனவர்களைப் பற்றியது இந்த அத்தியாயம். சூழலியல் ஆராய்ச்சி, காலநிலை ஆராய்ச்சி என்றதும் பனிமலையும் அண்டார்க்டிகாவும் நினைவுக்கு வருகிற இளைஞர்களுக்கு, பனியன் ஊரில் அந்தத் தொழில் எப்படி இருக்கிறது என்று காட்டத்தான் உப்பைக் கையில் எடுத்தேன். பொருண்மை அழியாது என்று எட்டாம் வகுப்பில் படிக்கிறோம். அந்த ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டு கணக்கு எழுதுகிற வேலைதான் இது. ஒரு பக்கத்தில் பற்று வைத்தால் இன்னொரு பக்கத்தில் வரவு இருந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிக்கிற கணக்குப்பிள்ளையின் குணம் இதற்கு வேண்டும்.

நொய்யல் வெள்ளிங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகப் போய்க் காவிரியில் சேர்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறல்ல. மழைக்காலத்தில் சில நாள் வெள்ளம், மற்ற நாட்களில் மணல். ஓடுகிற ஆற்றில் விட்ட கழிவு நீர்த்துப்போகும் என்பது ஐரோப்பிய நதிகளைப் பார்த்து எழுதிய பாடப்புத்தகம். நொய்யலில் நீர்த்துப்போக நல்ல தண்ணீரே கிடையாது. 1980களில் பின்னலாடை ஏற்றுமதி சூடுபிடித்து, சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகியபோது, கோடையில் ஆற்றில் ஓடியதே சாயநீர்தான்.

இதற்கிடையில், ஈரோடு, கரூர் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்க 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டிய அணை, திருப்பூரின் கழிவைத் தேக்கிவைக்கும் தொட்டியானது. தேங்கிய நீர் நிலத்துக்குள் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளை உப்பாக்கியது. அணையைத் திறந்தால் கீழே இருப்பவர்களுக்குக் கேடு, மூடினால் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேடு. தமிழ்நாட்டுப் பொதுப்பணியின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான அணை இருக்குமா என்பது சந்தேகம்.

முதலில் வந்து உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒருவர் ஸ்வீடன்காரர். லின்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தின் அன்னா ப்ளோம்க்விஸ்ட் 1996-இல் வெளியிட்ட முனைவர் பட்ட ஆய்வு, பாசன விவசாயிகளும் துணி ஆலைக்காரர்களும் ஒரே தண்ணீரை எப்படிப் பங்குபோட்டார்கள் என்பதைப் பற்றியது. அப்போது திருப்பூரின் சாயப்பட்டறைகள் சுற்றுப்புறக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரியில் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தன. விற்றவர்களும் விவசாயிகள், பாழானவர்களும் விவசாயிகள், ஊர்தான் வேறு. இதைச் சொல்லாமல் நொய்யல் கதையை ஆலைக்கும் வயலுக்கும் நடந்த சண்டையாக மட்டும் எழுதுவது பாதிக் கணக்கு. அந்த ஆய்வுக்கு வேதியியல் கூடத்தைவிட, கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற பொறுமைதான் தேவைப்பட்டது. சூழலியல் ஆராய்ச்சியில் அதுவும் ஒரு தனித் தொழில்.

அடுத்து, சென்னைப் பொருளாதாரக் கல்வி நிறுவனத்தில் பால் அப்பாசாமி, பிரகாஷ் நெல்லியாட் போன்றவர்கள் செய்த வேலை. ஆலைகள் வெளியேற்றிய நீரின் அளவு எவ்வளவு, அதில் கரைந்திருந்தது எவ்வளவு என்று ஆண்டுவாரியாகப் பெருக்கிக் கூட்டினார்கள். 1980-லிருந்து 2000 வரை திருப்பூர் ஆலைகள் வெளியேற்றிய கரைந்த திடப்பொருள் 23.5 லட்சம் டன், அதில் குளோரைடு மட்டும் 13.1 லட்சம் டன் என்று வந்தது. இருபதாண்டுக்கு வகுத்தால் நாளொன்றுக்குச் சராசரி 320 டன். பத்து டன் லாரி முப்பத்திரண்டு, ஒவ்வொரு நாளும், ஆற்றில். நிறத்தைப் பார்த்து மூக்கைப் பிடித்தவர்களுக்கு அதுவரை கையில் எண் இல்லை. பாழான கிணறு, குறைந்த விளைச்சல், அணையில் போன மீன்பிடி, தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டிய குடிநீர் என்று ஒவ்வொன்றுக்கும் ரூபாய் மதிப்புப் போட்டார்கள். பொருளாதாரம் படித்துவிட்டுச் சூழலியல் ஆய்வுக்கு வர முடியுமா என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் சுட்டிக்காட்டுவது இந்த வேலையைத்தான்.

எண் வந்த பிறகு சட்டம் வேகம் பிடித்தது. வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தந்த தீர்ப்பின்படி, சூழலியல் இழப்பீட்டு ஆணையம் ஒன்று தமிழ்நாட்டில் அமைந்திருந்தது. அந்த ஆணையம் நொய்யல் பகுதியையும் ஆராய்ந்து, 28,596 விவசாயிகளுக்கு 24 கோடியே 79 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பர் 22-இல் தீர்ப்புச் சொன்னது. கழிவுநீரைச் சற்றும் வெளியேற்றாத நிலைக்கு ஆலைகள் வரவேண்டும். அதுவரை வெளியே விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் முதலில் 6 பைசா, பிறகு 8, பிறகு 10 பைசா அபராதம். 2009-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அப்போதும் நிலைமை சரியாகவில்லை. 2011 ஜனவரி 28-இல் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்றைக்கு எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

சுத்திகரிப்பு நிலையங்கள் தொண்ணூறுகளின் கடைசியிலிருந்தே இருந்தனவே, பிறகு என்ன தவறு நடந்தது? இங்கேதான் வேதியியல் பேசுகிறது. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டால் நிறம் திரண்டு ஸ்லட்ஜாக அடியில் படியும். பாக்டீரியா விட்டால் கரிமப்பொருளைத் தின்னும். உப்பைத் தின்கிற பாக்டீரியா கிடையாது. தண்ணீர் தெளிந்துவிடும், உப்பு அப்படியே இருக்கும். சுத்திகரிக்கப் போட்ட ரசாயனத்தால் கரைந்த உப்பு சற்றுக் கூடவும் செய்யும். லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த திடப்பொருள் கூடாது என்பது விதி. தெளிந்த தண்ணீரும் அதைத் தாண்டியே நின்றது. கண்ணுக்குச் சுத்தம், பயிருக்கு விஷம்.

உப்பைப் பிரிக்க இங்கே கைக்கொண்ட வழி, ஆர்.ஓ. சவ்வு வழியாக அழுத்தித் தள்ளுவது. எண்பது சதவீதத்துக்கு மேல் நல்ல தண்ணீராகத் திரும்பக் கிடைக்கும். மிச்சத்தில் உப்பு முழுவதும் செறிந்திருக்கும். அதை ‘ரிஜக்ட்’ என்கிறார்கள். இதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கினால் கடைசியில் உப்பு மட்டும் மிஞ்சும். சொல்ல எளிது. கொதிநிலையில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 630 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். முதல் கலத்தின் நீராவியால் இரண்டாம் கலத்தையும், அதன் ஆவியால் மூன்றாவதையும் சூடாக்கினால் செலவு பங்குபட்டுக் குறையும். ஆவியையே இயந்திரத்தால் அழுத்திச் சூடேற்றித் திருப்பி விட்டால் சில பத்து யூனிட்டில் முடிக்கலாம். இருந்தாலும் சாயச்செலவின் மேல் கனமான சுமைதான். மாநில அரசு 2011-இல் வட்டியில்லாமல் 200 கோடி ரூபாய் கடன் கொடுத்தது அதனால்தான்.

இந்த இடத்தில், திருப்பூரை அடுத்த அருள்புரத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனத்தின் பொறியாளர்கள் அங்கேயுள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேறு மாதிரி யோசித்தார்கள். ரிஜக்டிலிருந்து தண்ணீரை ஆவியாக்கி உப்பை எடுக்கிறோம். அந்த உப்பைச் சாயப்பட்டறை வாங்கி மறுபடி தண்ணீரில் கரைக்கிறது. நடுவில் எதற்கு அடுப்பு? நிறத்தையும் கடினத்தன்மையையும் மட்டும் நீக்கி, உப்புத் தண்ணீரை உப்புத் தண்ணீராகவே பட்டறைக்குத் திருப்பி அனுப்பினால் என்ன? செய்து பார்த்தார்கள், ஷேடு சரியாக வந்தது. ஆவியாக்க வேண்டிய அளவு வெகுவாகக் குறைந்தது. பல நாள் படித்த வேதியியலைவிட, சாயப்பட்டறைக்கு என்ன தேவை என்று தெரிந்துவைத்திருந்ததுதான் இங்கே கைகொடுத்தது. என் கணிப்பில், திருப்பூரிலிருந்து உலகத்துக்குப் போன மிகச் சிறந்த சூழலியல் யோசனை இதுதான். இதைப் பற்றி நம் கல்லூரிப் பாடத்தில் ஒரு பக்கம்கூட இல்லை என்பது வருத்தம்.

இப்படி ஆற்றுக்குப் போன உப்பு பெருமளவு குறைந்தது. கணக்கு முடிந்ததா என்றால் இல்லை. வரவு இப்போது இரண்டு இடத்தில் ஏறுகிறது. ஒன்று, மிக்ஸ்டு சால்ட் எனப்படும் கலப்பு உப்பு. சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் கரிம எச்சமும் கலந்த கலவை. சாயத்துக்குப் போட்டால் ஷேடு மாறும். வெளியில் கொட்டினால் மழையில் கரைந்து மீண்டும் கிணற்றுக்குப் போகும். அதனால் சுத்திகரிப்பு நிலையக் கிடங்குகளில் மூட்டை மூட்டையாக இருக்கிறது. இரண்டாவது, வானம். ஆவியாக்கும் கலத்துக்கும் சாயப்பட்டறைக்கும் நீராவி தருகிற பாய்லர்களில் பெரும்பாலும் விறகு எரிகிறது.

தண்ணீர்ப் பிரச்சினை இங்கேதான் காலநிலைப் பிரச்சினையாகிறது. விறகு மறுபடி வளரும், ஆகவே அதன் கார்பன் கணக்கில் வராது என்பது வழக்கமான வாதம். கார்பன் கணக்கு விதிகளில்கூட விறகிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடைத் தனியாகத்தான் எழுதச் சொல்கிறார்கள். ஆனால் அந்த விறகு எங்கிருந்து வந்தது? தெற்கே தரிசில் தானாக முளைத்த சீமைக்கருவேலமா, தோப்பை வெட்டி எடுத்ததா, வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வந்ததா? ஒவ்வொரு பதிலுக்கும் ஒவ்வொரு எண். ஒரு கிலோ சாயத்துணியின் உண்மையான கார்பன் சுவடு என்ன என்பது லாரி ஏறி, விறகு மண்டி மண்டியாகப் போய் விசாரித்தால்தான் தெரியும். முனைவர் பட்டத்துக்கு இதைவிட நல்ல தலைப்பைத் தேடிப் பிடிப்பது கடினம்.

2024-25-இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். வாங்குகிற ஐரோப்பிய நிறுவனங்கள் இப்போது தரச் சான்றிதழோடு கார்பன் கணக்கும் கேட்கின்றன. அதனால் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது, ஆராய்ச்சி நிறுவனத்தைவிடச் சம்பளமும் கூடுதலாகக் கிடைக்கலாம். இதில் ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான இடங்களில் அது ஐரோப்பாவில் எடுத்த சராசரி எண்ணை மென்பொருளில் போட்டுப் படிவம் நிரப்பும் வேலை. நம் பாய்லரையும் நம் விறகையும் அளக்காமல் வருகிற எண்ணுக்கு ஆராய்ச்சி என்று பெயர் வைப்பது கூச்சம் தருகிறது.

கார்பன் கணக்கில் மின்சாரமும் சேரும். திருப்பூர் மின்சாரத்தின் ஒரு பகுதி காற்றிலிருந்து வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவத்தில் பாய்கிற காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. பனியன் கம்பெனிக்காரர்களே பலர் சொந்தமாக நட்டிருக்கிறார்கள். 2018-இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் மெங் காவ் குழுவினர் எழுதிய ஆய்வு, இந்தியப் பெருங்கடல் சூடாவதோடு சேர்ந்து இந்தியாவின் காற்றாற்றல் 1979-லிருந்து குறைந்துவருவதாகக் காட்டியது. மேற்குப் பகுதியில் குறைவு அதிகம். அந்தக் கடல் எப்படிச் சூடாகிறது என்பதை விடாமல் ஆராய்கிறவர் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மாத்யூ கோல். கடலின் வெப்பநிலைக்கும் தாராபுரத்து இறக்கை சுற்றும் வேகத்துக்கும் உள்ள உறவை ஊர் அளவில் சொல்ல ஆள் தேவை. இயற்பியலும் கணிப்பொறி நிரலும் தெரிந்தவர்களுக்கு இது வாசல். காற்றின் அளவீட்டுக்குச் சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் காற்றாற்றல் நிறுவனமே இருக்கிறது.

வெப்பம் இன்னொரு வாசல். தகரக் கூரைக்குக் கீழே அயர்னிங் மேசையில் நிற்பவரின் உடல் என்னாகிறது? சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் வெப்ப அழுத்தத்தைப் பல ஆண்டுகளாக அளந்துவருகிறார்; உப்பளத் தொழிலாளர்களின் சிறுநீரகம் வெப்பத்தால் எப்படிக் கெடுகிறது என்று காட்டிய ஆய்வும் அவருடையது. மருத்துவம் சார்ந்த படிப்புப் படித்தவர்களும் காலநிலை ஆராய்ச்சிக்கு வரலாம் என்பதற்கு இது சான்று.

பறவை எண்ணுகிறவர்களையும் விட்டுவிடக் கூடாது. நஞ்சராயன் குளம் திருப்பூர் நகரத்தின் கழிவு கலந்த நல்லாற்று நீரை வாங்கிக்கொள்கிற, ஏறத்தாழ 126 ஹெக்டேர் ஏரி. 2022-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சார் தலமாகவும் ஆனது. அந்தப் பெயருக்குப் பின்னால் விஞ்ஞானிகளைவிட, ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைநோக்கியோடு போய்ப் பட்டியல் எழுதிய உள்ளூர் ஆர்வலர்களின் உழைப்பு அதிகம்.

சம்பளத்துக்கு வருவோம். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறியவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. தேறாமல் திட்டப்பணியில் சேர்ந்தால் குறைவாகவே கிடைக்கும், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். முனைவர் பட்டம் முடித்தும் நிரந்தர இடத்துக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம். இதை மறைத்து இளைஞர்களுக்கு ஆசை காட்டுவது பாவம். மாநில அரசு காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கி, மாவட்டம்தோறும் அதற்கு அமைப்பு வைத்து, அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் இளைஞர்களை அமர்த்தியிருப்பது நல்ல தொடக்கம். அதுவும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். பெரிய குறை வேறு. ஆலைகளில் அளவுக்கருவிகள் இணையவழியாக மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு நொடிக்கு நொடி எண் அனுப்புகின்றன. அந்த எண்கள் ஆய்வு மாணவரின் கைக்கு எளிதில் வருவதில்லை. பொதுப்பணத்தில் வேலை செய்யும் ஆய்வாளருக்குப் பொது ஆற்றின் தரவைத் தர மறுப்பதற்கு நியாயமே கிடையாது. இதைத் திறந்துவிட்டாலே பத்து ஆய்வேடு வரும்.

படிக்கப் போவதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் துறையும் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையமும், பாரதியார் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் துறையும், 1956-லிருந்து இயங்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமும் இருக்கின்றன. நொய்யலை அர்க்காவதியோடு சேர்த்து, நகரமயமும் காலநிலையும் ஆற்றுப்படுகையை எப்படி மாற்றுகின்றன என்று ஆராய்ந்தது பெங்களூரின் ஏட்ரீ நிறுவனம். உப்பே இல்லாமல் சாயமேற்ற, பருத்திக்கு நேர்மின்சுமை ஏற்றிப் பார்க்கும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடக்கிறது. அதற்குப் போடும் ரசாயனத்தின் நச்சுத்தன்மையைத் தாண்டினால் மேலே சொன்ன சவ்வு, அடுப்பு, மூட்டை எல்லாவற்றின் தேவையும் வெகுவாகக் குறையும். சாயப்பட்டறையில் அப்பாவோடு நின்று வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஆராய்ச்சியில் மற்றவர்களுக்கு இல்லாத அனுகூலம் உண்டு. அவனுக்கோ அவளுக்கோ ஷேடு ஏன் மாறுகிறது என்று தெரியும்.

சிக்கண்ணா கல்லூரியிலோ எல்.ஆர்.ஜி. மகளிர் கல்லூரியிலோ வேதியியல் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கையடக்க மின்கடத்துத்திறன் மீட்டர் ஒன்றைத் துறையிடம் கேட்டு வாங்குங்கள். மீட்டர் காட்டும் மைக்ரோசீமென்ஸ் எண்ணை 0.64 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று தோராயமாக வரும். நொய்யல் கரையில் ஒரே கிணற்றை மாதம் ஒருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், தேதியோடு குறித்துவாருங்கள். மூன்றாண்டுப் பட்டியல் கையில் இருந்தால் எந்த ஆய்வு வழிகாட்டியும் உங்களை உட்காரவைத்துப் பேசுவார். நெட் தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் பருவங்களில் நடக்கிறது. சுற்றுச்சூழல் அறிவியல் யுஜிசி நெட்டில் வரும். வேதியியலும் புவி, வளிமண்டல, கடல் அறிவியலும் சிஎஸ்ஐஆர் நெட்டில் வரும்.